இரண்டு ட்யூப் டைகாரும் ஒரு பக்கெட் சோப்பு நுரையும்: எங்கள் ட்ரெய்லர் ஒழுகல் நின்ற கதை

எங்களுடையது கேம்பிங்குக்காக வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும், வீடு மாதிரியான ட்ரெய்லர். அதன் ஒழுகலை அடைக்கப் பயன்படுத்தியவற்றுக்கு முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இத்தோடு கிளம்பலாம். டைகார் கம்பெனியின் செல்ஃப்-லெவலிங் சீலன்டுக்கு (இடுக்கை அடைக்கும் பசை) ஐந்துக்கு நாலரை. ஓரங்களில் ஒட்டும் எட்டர்னாபாண்ட் டேப்புக்கு நாலு. ஒட்டுவதில் ஒரு குறையும் இல்லை, கை கொஞ்சம் தவறினால் திருப்பி எடுக்க வழியே இல்லை என்பதற்காக ஒன்றைக் குறைத்தேன். வண்டிக்குள் காற்றடைத்து வெளியே சோப்புத் தண்ணீர் தெளித்து ஓட்டையைக் கண்டுபிடிக்கும் டெஸ்டுக்கு முழுசாக ஐந்து. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சாதா சிலிக்கானுக்கு, ட்ரெய்லர் கூரையைப் பொறுத்தவரை, முட்டை.

நாங்கள் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட் பக்கம். வண்டி 26 அடி ட்ராவல் ட்ரெய்லர், 2021 மாடல், 2022 வசந்தத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். கோவிட் நேரத்தில் ஊரே கேம்பிங் கிளம்பியது ஞாபகம் இருக்கும். அந்த 2021-ல் மட்டும் ஆறு லட்சம் ஆர்.வி.க்கள் (இப்படித் தங்கிப் பயணிக்கும் வண்டிகள்) தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தன, அதுவரை எந்த வருஷமும் அவ்வளவு வந்ததில்லை. அதில் பெரும்பங்கு எங்களுக்குப் பக்கத்து மாநிலமான இண்டியானாவில், எல்க்ஹார்ட் சுற்றுவட்டாரத்தில் செய்தவை. எங்கள் வண்டியைச் செய்த கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை, எல்லாக் கம்பெனியிலும் நல்லதும் வரும் சொதப்பலும் வரும். ஆனால் கூரையில் ஒரு வென்ட்டை (காற்று போகும் திறப்பு) சுற்றி சீலன்ட் கையகலத்துக்குக் கொட்டிக் கிடக்கிறது, அடுத்த வென்ட்டில் நூல் மாதிரி இழுத்துவிட்டிருக்கிறார்கள் என்றால், போட்டவர் சாப்பாட்டு மணி அடித்ததும் எழுந்து போயிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

வண்டி புதிதாக வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ட்ரெய்லர் என்றால் ஏதோ பஸ் மாதிரி இரும்பில் செய்தது என்று நினைத்திருந்தேன். கீழே சட்டம்தான் இரும்பு. எங்கள் வண்டியில் மேலே இருப்பது மரச்சட்டம், மெல்லிசு ப்ளைவுட், அதன் மேல் ஒரு ரப்பர் விரிப்பு. அந்த விரிப்பு அவ்வளவு சீக்கிரம் ஓட்டையாகாது. ஆனால் ஏசி, காற்றாடி, பாத்ரூம் ஸ்கைலைட் (வெளிச்சத்துக்கான கூரை ஜன்னல்), கழிவுத் தொட்டியின் காற்றுக்குழாய், ஆன்டெனா என்று பத்துப் பன்னிரண்டு இடத்தில் அதை அறுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு அறுப்பையும் மூடிக்கொண்டிருப்பது வெறும் சீலன்ட்தான். வெயிலில் விரிந்து, பனியில் சுருங்கி, ரோட்டில் போகும்போது மொத்த வண்டியும் முறுக்கிக்கொண்டு, மூன்று நாலு வருஷத்தில் அது எங்காவது வெடிப்பு விடத்தான் செய்யும். வண்டியோடு வரும் கையேட்டில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூரையைப் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறது. நானும் படித்தேன், ஒழுகிய பிறகு.

2024 ஏப்ரலில் குளிர்காலம் முடிந்து வண்டியைத் திறந்தோம். கதவைத் திறந்ததும் மனைவி, "என்னங்க, பரண் வாசனை அடிக்குதே" என்றாள். எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை, மூடிக்கிடந்த வண்டி அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் கழித்து படுக்கைக்கு மேலே இருக்கும் அலமாரியைத் திறந்தால் முன்பக்க மூலையில் சுவர்க்காகிதம் சின்னதாக உப்பியிருந்தது, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு. விரலை வைத்து அழுத்தினேன். டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி விரல் உள்ளே போனது. அந்த நிமிஷம் வயிற்றைப் பிசைந்ததை இப்போது நினைத்தாலும் பிசைகிறது.

அன்றைக்கே இரண்டு ஊசி வைத்த ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கினேன், முப்பது டாலர் சொச்சம். இந்தக் கட்டுரையில் வரும் எல்லாப் பொருளிலும் முதலில் வாங்க வேண்டியது இதுதான். மரத்தில் 15 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் நிம்மதியாகத் தூங்கலாம், 20-ஐத் தாண்டினால் எங்கோ தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். வண்டியின் மற்ற இடமெல்லாம் 10, 11 என்று காட்டியது, அந்த மூலை மட்டும் 28.

ஒரு சர்வீஸ் சென்டரைக் கேட்டேன். கூரை முழுக்க ரீசீல் செய்ய 1,800 டாலர், அதுவும் ஆறு வாரம் கழித்துத்தான் இடம் இருக்கிறது என்றார்கள். எங்கே ஒழுகுகிறது என்று முதலில் பார்ப்பீர்களா என்றால், "எல்லாத்தையும் பூசிட்டா நின்னுடும்" என்கிற மாதிரி ஒரு பதில். இன்ஷூரன்ஸைக் கேட்டால், மரம் விழுந்தோ ஆலங்கட்டி மழையிலோ உடைந்தால் தருவோம், பராமரிக்காமல் மெல்ல மெல்ல ஒழுகியதற்குத் தர முடியாது என்றார்கள். சரி, நாமே ஏறிவிடலாம் என்று ஏணியை எடுத்தேன்.

கூரையில் கை வைத்துத் தேய்த்தால் சாக்பீஸ் தூள் மாதிரி வெள்ளையாக ஒட்டியது. அப்படி ஒட்டினால் அது ஈ.பி.டி.எம். என்கிற ரப்பர் வகை, டி.பி.ஓ. என்கிற இன்னொரு வகை விரிப்பில் இப்படித் தூள் வராது. இது ஏன் முக்கியம் என்றால் ஈ.பி.டி.எம்.மை பெட்ரோலியம் கலந்த எந்தக் கரைப்பானாலும் துடைக்கக் கூடாது, ரப்பர் உப்பிக்கொள்ளும். நான் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, சீலன்ட் போடும் இடத்தை மட்டும் ஆல்கஹாலால் துடைத்தேன். ஸ்கைலைட்டின் ஒரு மூலையில் சீலன்ட் விளிம்பை விட்டுப் பிரிந்து நின்றது, நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி. ஆஹா, திருடன் கிடைத்துவிட்டான் என்று இரண்டு ட்யூப் டைகாரையும் அங்கேயும் சுற்றியிருந்த வென்ட்களிலும் தீர்த்தேன்.

டைகாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 10.3 அவுன்ஸ் ட்யூப், சாதாரண காக்கிங் கன்னில் போட்டு அழுத்தும் வகை, நான் வாங்கியபோது ஒன்று பதினைந்து டாலருக்குக் கீழே. பெயரிலேயே இருக்கிறபடி தானாகப் பரவிச் சமமாகும். பதம் என்னவென்றால் இட்லி மாவை விட இளக்கம், தோசை மாவை விடக் கொஞ்சம் கெட்டி. ஸ்க்ரூ தலை மேல் ஒரு பொட்டு வைத்தால் மெல்ல இறங்கி, தலையைச் சுற்றி ஒரு வட்டமாக உட்கார்ந்துகொள்ளும். விரலால் தடவி அழகு பார்க்கவே வேண்டாம், தடவினால்தான் கெடும். மேலே சீக்கிரம் ஏடு பிடித்துவிடும், அடி வரைக்கும் இறுக ஒரு மாதம் வரை ஆகும். முழுக்க இறுகினாலும் ரப்பர் மாதிரி வளையும், அதுதான் இதன் உயிர். பழைய டைகார் மேலேயே, அழுக்கும் வெடிப்பும் இல்லாமல் பிடிப்போடு இருந்தால், புதிதைப் போடலாம். எல்லாவற்றையும் சுரண்டி எடுக்கத் தேவையில்லை. சிலிக்கானுக்கு நான் முட்டை போட்டது இதனால்தான். சிலிக்கான் காய்ந்த பிறகு அதன் மேல் எதுவும் ஒட்டாது, இன்னொரு சிலிக்கான் கூடச் சரியாக ஒட்டாது, கடைசியில் பிளேடால் ஒவ்வொரு இழையாகச் சுரண்ட வேண்டியதுதான். எங்களுக்கு முன் வண்டி வைத்திருந்தவர் ஆன்டெனாவைச் சுற்றி அப்படி ஒரு வேலை செய்திருந்தார். அதைச் சுரண்டவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

அரை மார்க் குறைத்ததற்குக் காரணம்: வெள்ளை நிறம் வெயிலில் மஞ்சளடிக்கும், தூசியைப் பிடித்துக்கொள்ளும், ஒரு வருஷத்தில் பழைய பல் மாதிரி ஆகிவிடும். வேலைக்கு ஒன்றும் பழுதில்லை, பார்க்கத்தான் நன்றாயிருக்காது. அப்புறம் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போடக் கூடாது, எங்கள் ஊரில் அது வருஷத்தில் பாதி நாளுக்கு மேல்.

பூசி முடித்து, ஜூனில் லட்டிங்டன் ஸ்டேட் பார்க்குக்குப் போனோம். மிச்சிகன் ஏரியிலிருந்து காற்றோடு ஒரு ராத்திரி நல்ல மழை. காலையில் மீட்டரை வைத்தால் அதே மூலை, 26.

அந்தச் சமயம் அப்பா அம்மா கோடைக்கு வந்திருந்தார்கள். அப்பா கும்பகோணம் பக்கத்தில் ஓட்டு வீட்டில் வளர்ந்தவர். நான் கூரையில் குந்திக்கொண்டு ஸ்கைலைட்டையே முறைத்துக்கொண்டிருக்கிறேன், கீழே ஏணியைப் பிடித்தபடி சொன்னார்: "தண்ணி சொட்டற எடத்துல ஓட்டை இருக்காதுடா. ஓடு எங்கயோ விலகியிருக்கும், கைமரத்துலயே வழிஞ்சு வந்து நாலடி தள்ளிச் சொட்டும். எங்க வீட்ல கூடத்துல ஒழுகினா சமையலறை மேல ஏறித்தான் மாத்துவோம்." நான் கேட்டுக்கொண்டேன் என்று சொல்ல ஆசைதான். "அப்பா, இது ஓட்டு வீடு இல்லை" என்றேன்.

மறுபடி ஒரு மழை, மறுபடி 26. அப்புறம்தான் அந்த டெஸ்ட்டுக்கு ஆள் கூப்பிட்டேன். சீல்டெக் என்று ஒரு கருவி. கூரைக் காற்றாடி இருக்கும் ஓட்டையில் ஒரு ஊதுகாற்றாடியைப் பொருத்தி, ஜன்னல் கதவு எல்லாம் மூடி, வண்டிக்குள் காற்றை லேசாக அழுத்தமாக வைப்பார்கள். அதிகம் இல்லை, கதவைத் திறக்கும்போது ஒரு தள்ளு தெரிகிற அளவு. அப்புறம் வெளியே இணைப்பு உள்ள இடமெல்லாம் சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வருவார்கள். எங்கே ஓட்டையோ அங்கே உள்ளிருந்து காற்று வந்து நுரை கட்டும். சைக்கிள் ட்யூபைத் தண்ணீரில் முக்கிப் பஞ்சர் பார்ப்பது போலத்தான், இங்கே தண்ணீருக்குப் பதில் சோப்பு. வீட்டுக்கே வந்து செய்தார், 200 டாலருக்குக் கொஞ்சம் மேலே, ஒன்றரை மணி நேரம்.

நான் இரண்டு ட்யூப் கொட்டிய ஸ்கைலைட்டில் ஒரு குமிழி கூட இல்லை. ஏசி, வென்ட், ஆன்டெனா, ஒன்றுமில்லை. அவர் ஏணியை முன்பக்கம் கொண்டு போனார். வண்டியின் நெற்றியில் வரிசையாக ஆரஞ்சு கலரில் சின்ன விளக்குகள் இருக்குமே, ராத்திரியில் வண்டியின் அகலம் தெரிவதற்காக, அதில் இடது ஓரத்து விளக்கில் தெளித்ததும் மேல் விளிம்பில் கடுகு கடுகாய் நுரை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பொங்கி, எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்து, கீழே வழிந்தது. அம்மா பால் பொங்குவதைப் பார்ப்பது போல் பார்த்தாள். கூரை விரிப்பு முன் நெற்றியோடு சேரும் ஓரத்திலும் ஒரு இடத்தில் வரிசையாகக் குமிழி. விளக்கு வழியாக நுழைந்த தண்ணீர் உள்ளே ஒயர் பிடித்து இறங்கி, சட்டத்தில் ஓடி, அலமாரி மூலைக்கு வந்திருக்கிறது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் தாங்கவில்லை.

இதனால்தான் இந்த டெஸ்டுக்கு ஐந்துக்கு ஐந்து. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்யச் சொல்லுங்கள், விற்பவர் முகம் மாறுகிறதா என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

விளக்கைக் கழற்றினேன். அடியில் இருக்க வேண்டிய பஞ்சுத்துண்டு காய்ந்து அப்பளமாக நொறுங்கியது. இங்கே போட வேண்டியது ப்யூட்டைல் டேப், சாம்பல் நிறத்தில் சூயிங்கம் மாதிரி இருக்கும் பட்டை. எது எதையெல்லாம் ஸ்க்ரூ போட்டு வண்டி மேல் இறுக்குகிறோமோ அதன் அடியில் இதுதான் உண்மையான தடுப்பு, மேலே பூசுகிற சீலன்ட் இரண்டாவது காவல். ஸ்க்ரூவை இறுக்கினால் ஓரத்தில் பிதுங்கி வரும், ஒரு மணி நேரம் விட்டு மறுபடி கொஞ்சம் இறுக்கி, பிதுங்கியதைப் பிளாஸ்டிக் கத்தியால் சீவிவிட வேண்டும். விலை சொற்பம், வேலை ராஜ வேலை. விளக்கைச் சுற்றி மேலேயும் பக்கங்களிலும் சீலன்ட் போட்டு, கீழ் விளிம்பை மட்டும் சும்மா விட்டேன், தப்பித்தவறி உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர ஒரு வழி வேண்டுமே. ஜன்னல் சட்டத்தின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருப்பதும் இதற்குத்தான். அதை ஓட்டை என்று நினைத்து அடைத்தவர்களை எனக்குத் தெரியும்.

இங்கே என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்ல வேண்டும். விளக்கு இருப்பது கிட்டத்தட்ட செங்குத்தான இடம், அங்கேயும் நான் செல்ஃப்-லெவலிங்கையே போட்டேன். பெயரைப் படித்துவிட்டுத்தான் போட்டேன். பத்து நிமிஷத்தில் வண்டியின் நெற்றியில் மெழுகுவர்த்தி உருகியது மாதிரி மூன்று கோடு. சரிவிலும் செங்குத்திலும் போட அதே கம்பெனியின் நான்-ஸாக் என்று வழியாத வகை தனியாக இருக்கிறது. ட்யூப் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், லேபிளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கவும். பொருளின் மேல் தப்பில்லை, அதனால் மார்க் குறைக்கவில்லை.

கூரையும் நெற்றியும் சேரும் ஓரத்துக்கு எட்டர்னாபாண்ட். நான்கு அங்குல அகலம், ஐம்பது அடி ரோல், எண்பது தொண்ணூறு டாலருக்கு வாங்கியதாக ஞாபகம். முதுகில் வெள்ளைப் படலம், வயிற்றில் கெட்டியான பசை. இதைச் சாதா டேப் மாதிரி நினைத்து அருகில் போகாதீர்கள். ஒட்டினால் ஒட்டினதுதான். அடியில் மேடுபள்ளம் இருக்கக் கூடாது, அதனால் அந்த இடத்தில் இருந்த பழைய சீலன்டை ஹீட் கன்னால் இளக்கி, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்துச் சமமாக்க வேண்டும், அதுதான் முக்கால்வாசி வேலை. அப்புறம் பின்னால் இருக்கும் காகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டே, ஒரு கை அகலம் ஒட்டி, அழுத்தி, அடுத்த கை அகலம். நான் ஆசையில் இரண்டடி உரித்தேன், காற்றடித்தது, டேப் தன்மேல் தானே மடிந்து ஒட்டிக்கொண்டது, அந்த இரண்டடி குப்பைக்கு. என் சட்டைக் கையும் அதோடு போனது.

ஒட்டிய பிறகு ரோலரால் அழுத்தி ஓட்ட வேண்டும், பசை பிடிப்பதே அந்த அழுத்தத்தில்தான். இதற்கென்று சின்ன ரப்பர் ரோலர் விற்கிறது. நான் வாங்க மறந்துவிட்டேன். வண்டிக்குள் இருந்த சப்பாத்திக் கட்டையை எடுத்துக்கொண்டு ஏறினேன், நன்றாகவே வேலை செய்தது. இறங்கி வந்ததும் அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெந்நீர் போட்டாள். அப்புறம் புதுக் கட்டை வாங்கினோம், அந்தச் செலவையும் டேப் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும். இரண்டு குளிர்காலம் தாண்டியும் ஓரம் எங்கும் நிமிரவில்லை.

கூரையை மட்டும் பார்த்தால் போதாது, உள்ளேயும் தண்ணீர் ஓடுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு, யாரும் குழாய் திறக்காமலே, பம்ப் டுர்ர் என்று இரண்டு விநாடி ஓடி நிற்கும். அரை மணி கழித்து மறுபடி டுர்ர். அப்படிக் கேட்டால் எங்கோ அழுத்தம் குறைகிறது, அதாவது எங்கோ சொட்டுகிறது. எங்களுக்கு அது டாய்லெட்டின் பின்னால் இருக்கும் வால்வு. குளிரில் உறைந்தால் முதலில் வெடிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. தொட்டி, குழாய் எல்லாம் காலி செய்து, குளிரில் உறையாத பிங்க் கலர் ஆன்டிஃப்ரீஸ் திரவத்தை விடும்போது ஒவ்வொரு குழாயிலும் பிங்க் வருகிறதா என்று பார்த்தவன், டாய்லெட்டில் தண்ணீர் விடும் மிதியை மிதிக்க மறந்திருக்கிறேன். வெளியே இருக்கும் ஷவரையும் பலர் மறப்பார்கள். வெந்நீர் ஹீட்டரைப் பைபாஸ் செய்யாமல் (அதற்குள் போகாதபடி திருப்பிவிடாமல்) விட்டால் ஆறு காலன் ஆன்டிஃப்ரீஸ் சும்மா அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கேம்ப்கிரவுண்ட் குழாயில் சில இடத்தில் தண்ணீர் அழுத்தம் 100 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அளவு) கூட வரும். வண்டியின் குழாய்களுக்கு 40-லிருந்து 60 வரை போதும். அழுத்தத்தைக் குறைக்கும் பத்து டாலர் நெட்டை ரெகுலேட்டரை மாட்டினால் ஷவரில் தண்ணீர் பூனை ஒன்றுக்குப் போவது மாதிரி வரும். மீட்டரோடு, திருகிச் சரிசெய்யும் பித்தளை ரெகுலேட்டர் வாங்குங்கள், கொஞ்சம் விலைதான். நான் 50-ல் வைத்திருக்கிறேன். அதை ஹோஸின் வண்டிப் பக்கம் மாட்டாமல் குழாய்ப் பக்கம் மாட்டினால் ஹோஸும் பிழைக்கும். ஹீட்டர் சபர்பன் கம்பெனியுடையது என்றால் உள்ளே ஒரு ஆனோட் ராடு இருக்கும், தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னைக் கரைத்துக்கொள்ளும் கம்பி. வருஷத்துக்கு ஒரு தடவை 1-1/16 அங்குல சாக்கெட் போட்டுக் கழற்றிப் பாருங்கள், முக்கால் பாகம் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அலுமினியத் தொட்டி வைத்த ஹீட்டர்களில் இது இருக்காது, தேடாதீர்கள்.

ஊறிப்போன மூலையை அறுத்து எடுத்து, ஃபேன் வைத்து இரண்டு வாரம் உலரவிட்டு, புது ப்ளைவுட் வைத்தேன். அகலம் ஒரு அடிதான், தப்பித்தோம். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் முன்சுவரின் ஃபைபர்கிளாஸ் ப்ளைவுட்டை விட்டுப் பிரிந்து உப்ப ஆரம்பித்திருக்கும். அப்படி உப்பிவிட்டால் அந்த வண்டியை வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம்.

எனக்கு மொத்தச் செலவு டெஸ்ட், டேப், சீலன்ட், மரம், மீட்டர் எல்லாம் சேர்த்து 500 டாலருக்குள். ஆனால் நாலு வார இறுதிகள் போயின, முட்டி வலி தனி. உயரம் ஆகாதவர்கள், கூரையில் நடக்க முடியாத வண்டி வைத்திருப்பவர்கள் ஆள் வைத்தே செய்யுங்கள், ஆனால் டெஸ்ட் செய்து ஓட்டையைக் காட்டிவிட்டுப் பூசுகிற ஆளாகப் பாருங்கள்.

போன சனிக்கிழமை பனி உருகியதும் வண்டியைத் திறந்து மீட்டரை வைத்தேன். 11. அப்பாவுக்குப் போட்டோ அனுப்பினேன், "மத்த வெளக்கையும் கழட்டிப் பாத்தியா?" என்று பதில் வந்தது. பார்க்கவில்லை. நெற்றியில் இன்னும் நாலு இருக்கிறது, ப்யூட்டைல் டேப் ஒரு ரோல் ஆர்டர் போட்டிருக்கிறேன்.

மறந்துவிட்டேன்: திறந்த டைகார் ட்யூபை மூக்கில் ஸ்க்ரூ குத்தி அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். கல்லாகிவிடும், காக்கிங் கன்னின் கம்பிதான் வளையும்.